போணிக்குக் கேட்ட கயிறு

கிட்ட வந்து உட்கார், பாஞ்சாலை. மின்விசிறி இந்த மூலைக்குத்தான் காற்றைத் தள்ளும். அங்கே இருந்தால் உனக்கு அதன் சத்தம் மட்டும்தான் கிடைக்கும். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாய், முதலில் அந்த மோரைக் குடி. தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டுக் கதை கேட்க வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் உனக்கு ஒரு கதை சொல்லி முடித்துவிடுகிறேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

நீ செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டாய். "எங்கப்பா மட்ட ரோப்பு கேட்டாரா இல்லியா, அத்த மட்டும் சொல்லு பெரிம்மா. ஊரு சொல்றத உடு. சாவறப்ப அவரே 'நாந்தான் கேட்டேன் போலக்குது'னு சொல்லிட்டுப் போனாரு. எனக்கு அதான் ஆறல."

ஊர் அவருக்கு வைத்த பெயர் எனக்கும் தெரியும். கிணறு வெட்டும் கிரேன் வைத்திருந்த அப்பாதுரை, இந்த ஆறு வருஷமாக மட்ட ரோப்பு அப்பாதுரை. உன்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் அந்தப் பெயரைக் கேட்டதும் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள் என்றும் கேள்விப்பட்டேன். வருத்தமாக இருந்தது. பதில் சொல்கிறேன், கண்ணு. அது வருகிற இடத்தில் வரட்டும்.

தேரடித் தெருவில் ராஜமாணிக்கம் மிஷினரி கடையில் நான் பதினாறு வருஷம் இருந்தேன். மோட்டார், பெல்ட், பேரிங், வால்வு, இரும்புக் கயிறு என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த மில்லும் எந்தக் கிணறும் ஓட வேண்டுமானால் எங்கள் படியைத்தான் மிதிக்க வேண்டும். புருஷன் போன பிறகு கடை பெருக்கத்தான் சேர்ந்தேன். பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். மூன்றாம் வருஷம் ஆர்டர் புத்தகம் என் கைக்கு வந்துவிட்டது.

ஒரு ஆர்டருக்கு மூன்று தாள். வெள்ளைத் தாள் சரக்கு எடுக்க குடோனுக்குப் போகும். மஞ்சள் தாள் கேட்டவருக்கு. சிவப்புத் தாள் புத்தகத்திலேயே தங்கும், அதில் அவர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்துத் தெரியாதவர்களுக்கு நானே கையைப் பிடித்துக் கற்றுக்கொடுப்பேன். மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தும்போது பெரிய மனிதர்கள்கூடக் கூனிப்போவார்கள், அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. உன் அப்பாவுக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். 'அப்பா'வில் வரும் துணைக்கால் அவருக்குக் கடைசிவரை நேராக நிற்கவில்லை. சாய்ந்துகொண்டேதான் இருக்கும்.

கேட்ட சரக்கு கையில் இல்லையென்றால், வெள்ளைத் தாளின் ஓரத்தில் 'இணை' என்று எழுதுவேன். அதற்கு நிகரானதை எடுத்துக் கொடு என்று குடோனில் இருக்கும் சுப்பனுக்கு அர்த்தம். இதில் தப்பு ஒன்றும் கிடையாது, எல்லாக் கடையிலும் உள்ளதுதான். ஒரு கம்பெனி பெல்ட்டுக்கு இன்னொரு கம்பெனி பெல்ட். அப்புறம் அரை அங்குலம் நீளமான பெல்ட். அப்புறம் கழுவிக் கிரீஸ் தடவிய பேரிங், புதுப் பெட்டியில். யாரும் திரும்பி வந்து சண்டை போடவில்லை. வந்தவருக்குத் தேவை, வந்த வேலை முடிவதுதான்.

என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கரும்பலகை இருந்தது. கொடுக்க முடியாமல் நிற்கிற ஆர்டர்களை அதில் எழுத வேண்டும். நான்கு வருஷம் அதில் நான் ஒரு வரி எழுதவில்லை. வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் வந்தால் முதலாளி அந்த வெறும் பலகையைக் காட்டித்தான் பேச ஆரம்பிப்பார். ஒரு ஆயுத பூஜைக்கு எல்லார் முன்னிலையிலும் எனக்குக் குத்துவிளக்கு கொடுத்தார். அதோ அந்த மாடத்தில் இருக்கிறது பார், அதுதான்.

கடையில் இன்னொரு முறை உண்டு. போணிக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. "காலைல மொத ஆளு காதுல 'இல்ல'ன்ற வார்த்த உழுந்துச்சின்னா, அன்னிக்குக் கடைய மூடிட்டு மலைய சுத்தப் போயிடலாம்" என்பார் முதலாளி. கேட்ட பொருள் இல்லாதபோது, ஒரு போல்ட்டையாவது நட்டையாவது வாங்க வைத்துப் போணியை முடித்துவிட்டு, அப்புறம் விஷயத்தைச் சொல்லுவோம். எத்தனையோ பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு உன் அப்பாவையும் அப்படி அனுப்பியிருக்கலாம்.

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடை. பூமியில் எங்கேயும் தண்ணீர் கிடையாது, பார்த்த இடமெல்லாம் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். சாம்பிராணிப் புகை கலைவதற்குள் உன் அப்பா படியேறினார்.

"இன்னா யம்மா, பொக மூட்டத்துல சாமி மாரி குந்திக்கினு கீற."

"வாங்க அப்பாதுரை. நீங்கதான் போணி. வாயத் தொறந்து நல்லதாக் கேளுங்க."

"ரோப்புதான். பன்னண்டு மில்லி, அறுபது மீட்டரு. புதுசா வோணும். பழசுன்னா இப்பவே சொல்லிடு, நான் கோச்சுக்க மாட்டேன், வேலூருக்கு பஸ் ஏறிடுவேன். தொட்டியில மண்ணு மட்டும் வர்ல யம்மா, ஆளுங்களும் ஏறி எறங்குதுங்க."

"நம்ம கடையில எப்பங்க பழசு குடுத்திருக்கோம்?"

"அதுக்கில்ல. இந்த இருசப்பன் பய, கண்ணாலம் கட்டி மூணு மாசத்துல ஜாஸ்தி வெயிட்டு போட்டுட்டான். பொண்டாட்டி தெனம் களியும் கறியுமா ஆக்கிப் போடறா. அவன ஏத்தறப்ப என் இஞ்சினே மொனகுது."

இரண்டு பேரும் சிரித்தோம். 'புதியது' என்று நான் எழுதினேன். மஞ்சள் தாளிலும் சிவப்புத் தாளிலும் அது பதிந்தது. சாய்ந்த துணைக்காலோடு அவர் கையெழுத்துப் போட்டார்.

புதுக் கயிறு இல்லை. வியாழக்கிழமை லாரியில் வர வேண்டும். அன்று செவ்வாய், நடுவில் ஒரே ஒரு நாள். குடோனில் இருந்தது கல் குவாரிக்காரர்கள் கழித்துப்போட்ட கயிறு. லாரியில் பாரம் கட்டுவதற்கு என்று சொல்லி விற்போம். வெள்ளைத் தாளின் ஓரத்தில் 'இணை' என்று எழுதிப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நானே கொடுத்தேன்.

சுப்பன் தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "யம்மா, இது லாரி கட்றது. உள்ளார நாலஞ்சு இழை அறுந்து கீது. இதுல ஆளு ஏறுமே."

"கிரீஸ் தடவு" என்றேன். "புது உருளையில சுத்திக் குடு."

அவசரம் என்று நினைத்துவிடாதே, கண்ணு. எனக்கு அவசரம் எதுவும் இல்லை. நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். புதுசு இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் வேலூருக்குப் போயிருப்பார். நான் பலகையில் ஒரு வரி எழுதியிருப்பேன். அந்த வரி இரண்டு நாள் எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டிருக்கும்.

உருளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, "நீ மகராசியா இருக்கணும் யம்மா, ஒரு நாளு வேல மிச்சம்" என்று சொல்லிவிட்டு உன் அப்பா போனார். நல்ல போணி. அன்று வியாபாரமும் நன்றாகவே நடந்தது.

பதினோராம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு மூன்று பேர் தொட்டியில் ஏறினார்கள். இருசப்பன், தசரதன், மண்ணாங்கட்டி. உன் அப்பா மேலே இஞ்சின் பக்கத்தில் நின்றார். பாதிக்கு மேல் வந்துவிட்டார்கள், தசரதன் தலைப்பாகை வெளியே தெரிந்தது என்று அப்புறம் சொன்னார்கள். கீழே முழுக்க வெட்டின பாறை.

சேதி கடைக்கு வந்தபோது நான் ஒரு வால்வுக்கு ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மூன்று பேர் இல்லை. மஞ்சள் தாள்தான்.

முதலாளி கேட்டார், "நம்ம சரக்கா யம்மா?"

"அவரு கேட்டதத்தாங்க குடுத்தோம்" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும், அது அவருக்கு இருந்தது.

மறுநாள் மூன்று வீட்டுக்கும் மாலை வாங்கிக்கொண்டு போனேன். இருசப்பன் பெண்டாட்டியை என் மடியில் சாய்த்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன். கடைசியாக உங்கள் வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"புது ரோப்பும்மா அது. எப்டிம்மா அறுந்துச்சு?"

"வெயிட்டு ஜாஸ்தி ஆயிருக்கும்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

நீ ஞாபகம் வைத்திருக்கிறாயோ என்னவோ. கடைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன், அந்த மஞ்சள் சீட்டைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டேன். அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நீதான் உள்ளே போய், ரேஷன் கார்டு வைத்திருந்த தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தாய். பதினைந்து வயதுப் பெண், அந்தக் கலவரத்திலும் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தாய். உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். கெட்டிக்காரப் பெண் என்று மனசார நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சோறு வடிப்பதற்கு முன்னால் அந்தத் தாளை அடுப்பில் வைத்தேன். மறுநாள் கடையில் சிவப்புத் தாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்று வைத்தேன். நம்பர் குத்தும் அச்சு என் மேஜையில்தான் இருக்கும். புதுத் தாளில், 'லாரி கட்டும் பழைய கயிறு, அதுவே போதும் என்றார்' என்று எழுதினேன். கீழே கையெழுத்து. அந்தத் துணைக்காலை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? முதல் தடவையே சரியாக வந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி தாளை உன் அப்பாவிடம் நீட்டி, "இது உன் கையெழுத்தா?" என்று கேட்டார். அவருக்கு வேறு எதையும் படிக்கத் தெரியாது. தன் பெயரை மட்டும் பார்த்தார். விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். "என்துதாங்க" என்றார்.

வெளியே வந்ததும் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "நாந்தான் அப்டி சொன்னனா யம்மா?"

"ஆமாங்க" என்றேன்.

"அப்ப சரி" என்றார்.

அதோடு முடிந்தது. சுப்பனுக்கு முதலாளி சொல்லி வேங்கிக்காலில் ஒரு வாட்ச்மேன் வேலை ஆனது. பிள்ளை குட்டிக்காரன், அவன் யாரிடமும் எதுவும் பேசவில்லை. அந்தக் கயிற்றில் மீதி நாற்பது மீட்டர் இருந்தது. அடுத்த மாதம் அடி அண்ணாமலையிலிருந்து ஒருவர் கிணற்றுக்கு என்று கேட்டு வந்தார், கொடுத்தேன். அது அறுந்ததாக இன்றுவரை சேதி இல்லை. ஆகையால் எல்லாக் குற்றமும் கயிற்றின் மேல்தான் என்றும் சொல்லிவிட முடியாது, பார்.

இதுதான் உன் கேள்விக்குப் பதில். உன் அப்பா கேட்டது புதுக் கயிறு. பழையதாக இருந்தால் சொல்லிவிடு என்று வாய்விட்டுக் கேட்டார். இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அதில் மனிதர்கள் ஏறுவார்கள் என்றும் தெரியும். கொடுத்தது நான். சீட்டை எரித்ததும், கையெழுத்துப் போட்டதும், தான்தான் கேட்டோம் என்று அவரையே நம்ப வைத்ததும் நான்தான்.

அழாதே, அம்மா. மோரில் ஈ விழப்போகிறது, மூடி வை.

"ஊருக்கு வந்து பத்துப் பேரு முன்னால இத்த சொல்லு பெரிம்மா" என்கிறாய். பார்க்கலாம். பஸ்ஸில் அவ்வளவு தூரம் என் முழங்கால் தாங்குமா தெரியவில்லை. நீ போய்ச் சொல்லேன். நான் தடுக்கவில்லை. வெள்ளையம்மாள் சொன்னாள் என்றே சொல். அவள் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு கதை கட்டுகிறவள் ஆயிற்றே என்று சிரிப்பார்கள். என்னிடம் வந்து கேட்டால், பாவம், தகப்பனைப் பறிகொடுத்த பெண், ஆறுதலுக்காக ஒரு கதை சொன்னேன் என்பேன். மஞ்சள் தாள் இல்லை, பழைய சிவப்புத் தாள் இல்லை. இருப்பது உன் அப்பாவின் கையெழுத்து ஒன்றுதான்.

ஆனாலும் ஒன்று யோசித்துப் பார். நீ கேட்டு வந்தாய், நான் கொடுத்தேன். வேறு யாராக இருந்தாலும் தெரியாது, போ என்று அனுப்பியிருப்பார்கள். இந்த வயசிலும் ஒருத்தரை அப்படி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

பிள்ளைகள் சத்தம் கேட்கிறது, பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். குங்குமம் எடுத்துக்கொள். நல்ல இடத்தில் வாழ்க்கைப்படுவாய், கண்ணு. உன் வீட்டுக் குதிர் நிறைந்திருக்கட்டும், கிணறு ஊறட்டும், உன் வாசலுக்கு வந்து நிற்கிற யாருக்கும் இல்லை என்று சொல்லாத கை உனக்கும் வாய்க்கட்டும்.