நாற்பத்து மூன்று பாட்டும் ஒரு கைக்கடிகாரமும்

விசாரணைக்கு வந்த நீங்கள் டேப் அறையில் கண்டெடுத்த கைக்கடிகாரம் என்னுடையதுதான். ஐந்து நிமிடம் தாமதமாக ஓடும். கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்து நினைத்தே இரண்டு வருஷம் போய்விட்டது. அதை வைத்து என்னிடம் வந்து சேர்ந்தது கெட்டிக்காரத்தனம். காந்தம் பட்டால் கடிகாரம் கெட்டுவிடும் என்று, காந்தப் பெட்டியைத் தொடும் முன் அதைக் கழற்றி வைக்கிற பழக்கம் இந்த வானொலி நிலையத்தில் இப்போது எனக்கு ஒருவனுக்குத்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்தப் பெட்டி எதற்கென்றே தெரியாது. அதன் மேல் டீக் கோப்பை வைக்கிறார்கள்.

உங்களுக்கும் தெரிந்திருக்காது, சொல்கிறேன். அப்போதெல்லாம் பாட்டுகளைப் பெரிய டேப் சுருளில்தான் பதிவு செய்வோம். புது டேப் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் வேண்டாத பதிவை அழித்துவிட்டு அதே டேப்பில் அடுத்ததைப் பதிவோம். சுருளைக் காந்தப் பெட்டி மேல் வைத்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். சுழற்றிக்கொண்டே கை எட்டும் தூரம் வரை விலக்கிய பிறகுதான் சுவிட்சை அணைக்கலாம். அவசரப்பட்டால் 'டும் டும்' என்று ஒரு சத்தம் டேப்பிலேயே தங்கிவிடும். நான் அழித்த டேப்பில் முப்பத்து நான்கு வருஷமாக எந்தச் சத்தமும் தங்கியதில்லை.

எதை அழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ததும் நான்தான். சட்டப்படி நிகழ்ச்சி அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கையெழுத்து மட்டும் போட்டார். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தள்ளுவண்டி நிறையப் பாட்டு போகும். 'அன்பே, அன்பே' என்று பதினாறு தடவை கூப்பிட்டுவிட்டு, கூப்பிட்டது எதற்கென்றே சொல்லாமல் முடிகிற பாட்டு. தூக்கக் கலக்கத்தில் வாசித்த வயலின். வரிக்கு வரி தும்மல் மாதிரி வந்து விழும் தாளம். இன்றைக்குப் பழைய பாட்டு நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டுக் கடிதம் போடுகிறார்கள், அந்தக் காலத்தில் மட்டமான பாட்டு ஒன்றாவது வந்ததா என்று. ஏன் வரவில்லை? வண்டி வண்டியாக வந்தது. நான் மிச்சம் வைக்கவில்லை. அந்தக் காலம், அந்தக் காலம் என்று ஊரே உருகுகிறதே, அதில் பாதி என் கைவேலை.

இதை நான் ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தேன். என் தம்பியிடம்.

எனக்கும் அவனுக்கும் இரண்டு வயது வித்தியாசம். குரல் தேர்வுக்கு ஒரே நாளில் ஒரே பேருந்தில் வந்தோம். முதலில் அவன் பாடினான், அடுத்து நான். அவனை எடுத்துக்கொண்டார்கள். என் விண்ணப்பத்தில் 'சுருதி சேரவில்லை' என்று எழுதி, அதற்குக் கீழே 'டேப் அறைக்கு ஆள் தேவை' என்று எழுதினார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வீட்டுக்கு ஒருவன் பாடினால் போதாதா?

ஒவ்வொரு பாட்டு பதிவானதும் அவன் நேராக என் அறைக்குத்தான் வருவான். "எப்டிண்ணே வந்திருக்கு?" என்று வாசலிலேயே நின்றுகொண்டு கேட்பான். "மூணாவது அடில மூச்சு வாங்குறது தெரியுதுடா" என்று நான் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் போய்த் திரும்பப் பாடிவிட்டு வருவான். அப்படிப் பாடியதில் பதினொன்றை அழித்துவிட்டு நாற்பத்து மூன்றை வைத்துக்கொண்டேன். எல்லாம் வானொலிக்காகவே பாடிய மெல்லிசை. இசைத்தட்டாக எதுவும் வெளியே வரவில்லை. என் அலமாரியை விட்டால் அவற்றுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

போன வருஷம் நிலையத்தின் ஆண்டு விழாவில், அந்தக் காலப் பாட்டு சிறந்ததா, இந்தக் காலப் பாட்டா என்று விவாதம் வைத்தார்கள். நேரடி ஒலிபரப்பு. இந்தக் காலத்துக்காகப் பேச வந்தவர்களில் தம்பியின் மகளும் ஒருத்தி. அவள் கணினி முன்னால் உட்கார்ந்து இசையமைக்கிறாள். கேட்டால் மண்டைக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும். அந்தக் காலத்துக்காகப் பேசத் தம்பியைக் கூப்பிடும்படி சொன்னது நான். அவனுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்ததும் நான்தான், நாலு பக்கம். மேடையில் ஏறியதும் அந்த நாலு பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"உண்மையச் சொல்லணும்னா நாங்களும் நெறைய குப்பை பாடியிருக்கோம். அதெல்லாம் எங்க போச்சுன்னு கேக்குறீங்களா? அதோ மூணாவது வரிசைல உக்காந்திருக்காரே எங்கண்ணன், அவரு அழிச்சிட்டாரு. எம்பொண்ணு காலத்துப் பாட்டையும் அவரு கையில முப்பது வருசம் குடுத்துப் பாருங்க. அப்பவும் நல்லது மட்டும்தான் மிஞ்சும். என்னக் கேட்டா, நான் பாடினதவிட இவ போடுறது நல்லாத்தான் இருக்கு."

அரங்கமே சிரித்தது. முன் வரிசையில் ஒருவர் திரும்பி எனக்குக் கை வேறு ஆட்டினார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? எங்கள் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து, அவன் ஒருவனை நம்பி நான் சொன்ன விஷயம் அது. ஊரறியப் போட்டு உடைத்துவிட்டான். அதுவும் நான் வேலை பார்க்கிற வானொலியிலேயே. வலித்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? யார் சொல்லியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன், அவன் சொன்னதுதான் தாங்கவில்லை.

வாசலில் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "கோவமாண்ணே? சும்மா தமாஷுக்குத்தான்." நான் "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

நாலு மாதம் கழித்து அவனுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. இனி ஒரு சொல்லும் வராது என்று மருத்துவர் சொன்னார். அன்றிலிருந்து சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு எழுதிக் காட்டுகிறான். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கூட இருந்து கஞ்சி ஊட்டியது நான். இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைக்கும் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார். நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகுதான் ஒரு திங்கட்கிழமை அவன் மகள் என்னிடம் வந்தாள். கையில் ஒரு செருப்புப் பெட்டி, அது நிறையக் கேசட்டுகள்.

"பெரியப்பா, அப்பா பாட்டெல்லாம் எனக்கு ஒரு காப்பி எடுத்துக் குடுங்க. வீட்ல அவர் குரலக் கேக்காம என்னமோ போல இருக்கு. ரேடியோல வந்தப்ப அம்மா புடிச்சு வச்ச கேசட்டும் கொண்டாந்திருக்கேன். எது தெளிவா இருக்கோ அத எடுத்துக்கங்க."

"காப்பி எடுத்து என்னம்மா பண்ணப்போற?"

"கேக்கத்தான். அப்புறம், ஒண்ணு ரெண்டு பாட்டுக்கு நான் புதுசா இசை சேத்துத் தரணும்னு அப்பா எழுதிக் காட்டினாரு. அவருக்கே ஆசை பெரியப்பா."

அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வியாழக்கிழமை வரச் சொன்னேன்.

மற்றவர்களின் பாட்டெல்லாம் கணினியில் ஏறிவிட்டபோது இவனுடையது மட்டும் ஏன் ஏறவில்லை என்று கேட்டீர்கள். வரிசையை முடிவு செய்தவன் நான். தம்பி பாட்டுக்கு நிதானமாக நேரம் ஒதுக்க வேண்டும் என்று கடைசிக்கு வைத்திருந்தேன். அப்போது என் மனதில் வேறு எண்ணம் கிடையாது.

செவ்வாயும் புதனும், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ராத்திரி உட்கார்ந்து வேலையை முடித்தேன். முதலில் அவள் கொண்டுவந்த கேசட்டுகள், அப்புறம் நாற்பத்து மூன்று டேப்புகள். ஒவ்வொன்றையும் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் அழித்தேன். அந்த மரியாதையை நான் எந்தப் பாட்டுக்கும் கொடுக்காமல் இருந்ததில்லை. நன்றாகத்தான் பாடியிருக்கிறான். மூன்றாவது அடியில் மூச்சு வாங்குவது எதிலும் தெரியவில்லை. புதன்கிழமை கிளம்பும்போது கடிகாரத்தை மறந்துவிட்டேன். கை நடுங்கியது என்றெல்லாம் எழுதிக்கொள்ளாதீர்கள். மறதிதான்.

காரணம் கேட்கிறீர்கள். அந்தக் காலமும் இந்தக் காலமும் ஒன்றுதான் என்று மேடை ஏறிச் சொன்னவன் அவன். ஒன்றுதான் என்றால் பழையதை எதற்குப் பூட்டி வைத்துக் காக்க வேண்டும்? அவன் பேச்சுக்கு நான் மதிப்புக் கொடுத்தேன். தவிரவும், என் தம்பி பாடிய மட்டமான பாட்டு என்று இனி யாரும் ஒன்றை எடுத்துக் காட்ட முடியாது. ஓர் அண்ணன் தம்பிக்குச் செய்யக்கூடியது அதுதான்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, அதனால் இதுவரை சொல்லவில்லை. அலமாரியில் ஒரு டேப்பில் மட்டும் பாட்டு மிச்சம் இருக்கிறதே, அந்தக் குரல் தேர்வு டேப், அதன் பெட்டிமேல் தம்பி பெயர் இருக்கும். தேர்வானவர் பெயரைத்தான் எழுதுவார்கள். ஆனால் ஒரே சுருளில் அவனும் நானும் அடுத்தடுத்துப் பாடியிருந்தோம். அவன் பாடிய பகுதியைப் பிளேடால் வெட்டி எடுத்துக் காந்தப் பெட்டியில் வைத்துவிட்டு, மிச்சத்தைச் சுருளில் ஒட்டி வைத்தேன். ஒட்டிய இடம் தெரியாது, தொழில் அப்படி.

நேற்று அதைத் தம்பி பெண்ணுக்குப் போட்டுக் காட்டியதாக நீங்களே சொன்னீர்கள். இதாவது தப்பியதே என்று ஹெட்போனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதாளாம். இப்போதெல்லாம் யார் இப்படிப் பாடுகிறார்கள் என்று சொன்னாளாம். அவளுக்குப் பிறகு தம்பியும் வாங்கிக் கேட்டானாம். நோட்டைத் திறந்து, பேனாவையும் எடுத்து, கொஞ்ச நேரம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தானாம். அப்புறம் ஒன்றும் எழுதாமல் மூடி வைத்துவிட்டானாம்.

அதில் பாடுவது நான். அதை அவளிடம் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. ஆனால் சுருதி சேரவில்லை என்று அன்றைக்கு எழுதியது தப்பு என்பதை மட்டும் இந்த வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இசை தெரிந்த பெண், அவளே கேட்டு அழுதிருக்கிறாள்.