கண்ணாயிரம் அண்ணனின் கேட்டு நோட்டு

கள்ளக்குறிச்சி மாவட்டம், கச்சிராயபாளையம், மாதா கோவில் தெருவில் வசிக்கும் கிறிஸ்துதாஸ் மனைவி பவுலின், வயது 47, என்பவர் 24.11.2025 திங்கட்கிழமை பகல் 12 மணிக்குக் காவல் உதவி ஆய்வாளர் முன்னிலையில் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். மலை அடிவாரத்தில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் 2003ஆம் ஆண்டு முதல் எழுத்தராக வேலை பார்த்து வருகிறேன். பதிவேடுகள் எல்லாம் என் பொறுப்பில் உள்ளன. என் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது என்று ஆய்வுக்கு வரும் அதிகாரிகளே சொல்வார்கள். அந்தத் தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

20.11.2025 வியாழக்கிழமை மதியம் பெண் காவலர் சந்தியா பள்ளிக்கு வந்தார். சுமார் 28 வயது மதிக்கத்தக்க ஆண் ஒருவர் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம் அருகே இருசக்கர வாகனம் மோதித் தலையில் அடிபட்டு அரசு மருத்துவமனையில் இருப்பதாகவும், உயிர் பிழைத்துவிட்டாலும் தன் பெயர்கூட அவருக்கு நினைவில்லை என்றும், யாரும் தேடி வராவிட்டால் திங்கட்கிழமை வெளியூர்க் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னார். அதன் பிறகு அவருடைய பையில் இருந்த மாற்றுச் சான்றிதழ் ஒன்றைக் காட்டினார். அது எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்த வெ. சுபாஷ் என்பவருடையது. "இவரு மலையில எந்த ஊருன்னு மட்டும் சொல்லிடுங்க மேடம், நாங்க போய் ஆளுங்கள கூட்டிக்கினு வந்துடுவோம்" என்றார். அஞ்சு நிமிஷம் உட்காரச் சொல்லிவிட்டு நான் ஆவண அறைக்குப் போனேன்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. 2003 சேர்க்கைப் பதிவேட்டில் சுபாஷின் பெயர் என் கையெழுத்திலேயே இருந்தது. தகப்பனார் பெயர் வெள்ளையன், பிறந்த தேதி 1.6.1998, முகவரி கல்வராயன் மலை, அங்க அடையாளம் வலது கையில் ஒரு மச்சம். அதற்கு மேலேயும் கீழேயும் பார்த்தேன். அன்று சேர்ந்த மலைப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேருக்கும் அதே பிறந்த தேதி, அதே முகவரி, அதே மச்சம். 2.6.2003 அன்று நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். வரிசை வாசல் வரை நின்றது. மலைப் பிள்ளைகள்தானே என்று நினைத்து, ஒரு பிள்ளையின் கையையும் பிடித்துப் பார்க்காமல் எழுதித் தள்ளினேன். அந்த நாற்பத்தொரு வரியிலும் ஓர் அடித்தல்கூட இல்லை.

பதிவேட்டை எடுத்து வந்து காட்டினேன். சந்தியா தன் கைப்பேசியில் இருந்த அவருடைய படங்களைப் பார்த்துவிட்டு, "கையில மச்சமே இல்லியே மேடம், வேற யாரோட சர்டிபிகேட்டையாவது வெச்சிருக்காரா?" என்று கேட்டார். நான் செய்ததை அவரிடம் சொன்னேன். அவர் சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதன் பிறகுதான் எங்கள் பள்ளியில் வாட்ச்மேனாக இருந்து 2019இல் ஓய்வு பெற்ற கண்ணாயிரம் அண்ணன் நினைவுக்கு வந்தார். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிப்போக வருகிறவர்களை அவர் கேட்டில் நிறுத்தி, ஊர், உறவு, வழி எல்லாம் கேட்டு, பிள்ளையையும் தலையிலிருந்து கால் வரை பார்த்து நோட்டில் எழுதிய பிறகுதான் வெளியே விடுவார். கூட்டம் சேர்ந்துவிடும். நான் அவரைப் பலமுறை கேலி செய்திருக்கிறேன். ஓய்வு பெற்ற அன்று அந்த நோட்டுகளை எடைக்குப் போடச் சொன்னதும் நான்தான். கருணாபுரத்தில் இருக்கும் அவருக்கு போன் செய்து, "அண்ணே, அந்தக் கேட்டு நோட்டெல்லாம் இன்னா பண்ணீங்க?" என்று கேட்டேன். "நீ போடச் சொன்ன, நான் போடலம்மா. ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால கோணிப்பையில கட்டி வெச்சிருக்கேன். புள்ளைய யார் கையில குடுத்தன்னு நாளைக்கு ஒருத்தர் வந்து கேட்டா இன்னாத்தம்மா காட்டுறது?" என்றார்.

21.11.2025 வெள்ளிக்கிழமை காலையில் நானும் சந்தியாவும் கோணிப்பையைப் பிரித்தோம். பல்லி முட்டையும் தூசியுமாக இருபத்திரண்டு நோட்டுகள் இருந்தன. பிற்பகல் மூன்று மணி அளவில் 14.9.2007 தேதியிட்ட பக்கத்தில் கீழ்க்கண்டவாறு எழுதியிருந்ததைப் படித்தோம்: "வெள்ளி சாயந்திரம் 4.10. அஞ்சாம் கிளாஸ் சுபாஷ். கூப்பிட வந்தது அக்கா ராதிகா, வயசு 14. வூடு கரியாலூர் தாண்டி ரெண்டாவது ஓடைக்கு மேல, பெரிய பலாமரத்தாண்ட. இடது பாதத்துல தகரம் கிழிச்சி அஞ்சு தையல், புதன்கிழமை பிரிக்கணும். செருப்பு இல்ல. கேட்டா ஓடையில வுட்டுட்டேன்றான்."

22.11.2025 சனிக்கிழமை காலையில் காவல்துறை ஜீப்பில் நானும் போனேன். பலாமரம் அப்படியே இருந்தது. ராதிகாவும் அங்கேயே இருந்தார். தம்பி கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய் எட்டு வருஷமாகத் தகவல் இல்லை என்றார். அதன் பிறகு அவரை மருத்துவமனைக்கு அழைத்து வந்தோம். வார்டுக்கு வெளியிலேயே சந்தியா அடையாளம் கேட்டதற்கு, இடது பாதத்தில் ஐந்து தையல் என்று ராதிகா சொன்னார். உள்ளே செவிலியர் போர்வையை விலக்கியபோது தழும்பு இருந்தது. ஆனால் சுபாஷ் யாரோ எவரோ என்று அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராதிகா அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதன் பிறகு முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, "செருப்பு எங்கடா?" என்று கேட்டார். சுபாஷ் தன் காலைப் பார்த்துவிட்டு, "ஓடையில வுட்டுட்டேன்க்கா" என்றார். செருப்பைப் பற்றியோ நோட்டைப் பற்றியோ அதுவரை சுபாஷிடம் யாரும் சொல்லவில்லை என்பதை உறுதியாகக் கூறுகிறேன். நானும் அழுதுவிட்டேன்.

மீதி நாற்பது பேரின் விவரங்களை மேற்படி நோட்டுகளை வைத்துச் சரிசெய்ய அனுமதி கேட்டுத் தலைமை ஆசிரியரிடம் மனு கொடுத்துள்ளேன். அந்த நோட்டுகளை எடைக்குப் போடாமல் காப்பாற்றிய கண்ணாயிரம் அண்ணனுக்கு நான் ஆயுசுக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். இன்று காலை சுபாஷை வீட்டுக்கு அனுப்பும்போது அவரையும் வரவழைத்திருந்தோம். கையெடுத்துக் கும்பிட்டேன். "இன்னாம்மா நீ, அத்த வுடு" என்று சொல்லிவிட்டு, மடியில் செருகியிருந்த புது நோட்டைப் பிரித்து, மருத்துவமனை வாசலில் அக்காவையும் தம்பியையும் நிறுத்தி வைத்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். "24.11.2025 திங்கள் காலை 9.20. சுபாஷ். கூப்பிட வந்தது அக்கா ராதிகா. தலையில கட்டு. கால்ல செருப்பு இருக்குது" என்று எழுதியிருந்தார்.

என் தவறு உட்பட நான் சொன்னது அத்தனையும் உண்மை. எழுதியதை முழுவதும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட்டுள்ளேன்.

(ஒப்பம்)
கி. பவுலின்