லிஃப்ட் பள்ளத்தில் ஆள்

இரவு ஏழரை. மழை விட்ட சாலை... இரண்டு பக்கமும் பூட்டிக் கிடந்த கிடங்குகள். ஒரு நாய்கூட இல்லை. என் சிநேகிதனின் அத்தான், அதாவது அவன் அக்கா புருஷன், லேப்டாப் பையோடு அதில் வேகமாக நடந்து போனார். பயத்தில் அல்ல, கோபத்தில்தான் அந்த வேகம். கம்ப்யூட்டரில் பேயா என்று சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

லிஃப்டை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டர்களுக்குக் கெர்னல் மாட்யூல், அதாவது சிஸ்டத்தின் உயிர்நாடியான கெர்னலோடு ஒட்டி ஓடும் புரோகிராம் துண்டு, எழுதுவது அவர் வேலை. சாலைக் கோடியில் இருந்த கட்டடத்து லிஃப்டில் ஒரு மாட்யூல் உண்டு. லிஃப்டுக்கு அடியில் உள்ள பள்ளத்தில் யாராவது நிற்கிறார்களா என்று சென்சாரைக் கேட்கும். நின்றால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். ஒன்று என்றால் லிஃப்ட் அசையாது. ஆனால் கரண்ட் வந்து கம்ப்யூட்டர் பூட் ஆகி எழும்போது சென்சார் கொஞ்சம் தாமதமாக விழிக்கும். மாட்யூலுக்குப் பொறுமை இல்லை... பதில் வரவில்லையென்றால் மொத்த சிஸ்டமும் படுத்துவிடும்.

சென்சார் விழிக்கும்வரை காத்திரு என்று எழுதினால் தீர்ந்தது. அவருடைய மேனேஜர் என்ன செய்தான் தெரியுமா? மாட்யூலையே தூக்கிவிட்டான். "பூட் ஆவுதுல்ல? அது போதும்."

பூட் ஆனது. கொஞ்ச நாளில் கரண்ட் போய் வந்தபோது, பள்ளத்தில் ஒரு மெக்கானிக் நின்றிருந்தார்... அவர் மனைவியிடம் கவனக்குறைவு என்று சொல்லி அனுப்பினார்கள். வாய் கூசவில்லை பாருங்கள், பாவிகளுக்கு!

அந்த மாட்யூலைத்தான் அத்தான் திருத்தி எடுத்துப் போனார். போட்டார். காத்திருந்தது. பதில் வந்தது... ஒன்று.

டார்ச் அடித்துப் பார்த்தார். ஆளில்லை. கிரீஸ் நாற்றம், ஈர இரும்பு வாசனை. புது சென்சார் மாட்டினார். ஒன்று.

மேனேஜர் காரில் வந்து குதித்தான். "அந்தக் கருமத்தைக் கழட்டுய்யா!"

"மாட்டேன் சார். என்னை வேலைய விட்டுத் தூக்கிக்கோங்க. இன்னொருத்தர் சாவு என் கையால நடக்காது."

"உள்ள எவன் இருக்கான்? நானே இறங்கிக் காட்டறேன்!"

ஏணியில் இறங்கினான். அடியிலிருந்து குரல் வந்தது. "பாரு! ஒருத்தனும் இல்ல!"

கரண்ட் போனது.

வந்தது... கம்ப்யூட்டர் தானாக எழுந்தது. அத்தான் திரையைப் பார்த்தார். பூஜ்யம். மேலே பிரேக் விடும் சத்தம்... டக். அவர் பாய்ந்து சிவப்புப் பொத்தானை ஓங்கிக் குத்தினார். ஒருமுறை அல்ல. லிஃப்ட் நிற்கவில்லை. கிறீச் என்றுகூடச் சொல்லாமல், மெதுவாக இறங்கி வந்தது.

அத்தான் அந்த வேலையை விட்டுவிட்டார். அந்த லிஃப்டும் ஓடுவதில்லை. பூட் ஆகும்போதெல்லாம் கெர்னல் விழுகிறது. ஏனென்று யாருக்கும் புரியவில்லை. அந்த சென்சாருக்கு ஒன்று, பூஜ்யம் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாது. வேறு எண் வந்தால் மாட்யூல் குழம்பிப் படுத்துவிடும்.

விழுவதற்கு முன் திரையில் கடைசியாக ஒரு வரி நிற்கிறதாம்...

பள்ளத்தில் ஆள்: இரண்டு.