டப்பாவுக்குள் கைபேசி

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்த அம்மாள் தம் கைபேசியைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து அழுத்தி மூடினார். அருகிலிருந்த தங்கை சிரித்தார்.

“இன்னாக்கா, அதுக்கும் பசிக்குதா?”

“சிரிக்காதடி. அதோட பேரச் சொன்னதும் பதில் சொல்லுதே, ஒட்டுக் கேட்டுக்கினு இல்லாமயா?”

“செல்கடையில வேல செய்றேன், எனக்குத் தெரியாதா? அதோட பேருக்கு மட்டும் காது குடுக்க உள்ள சின்னதா ஒரு சிப்பு முழிச்சிக்கினு இருக்கும். பெரிய மூள தூங்கும். மத்த பேச்ச அப்பப்ப அழிச்சிடும். எல்லாத்தையும் முழுசாக் கேட்டா மத்தியானத்துக்குள்ள சார்ஜ் காலி.”

“ஒண்ணு முழிச்சிக்கினு இருக்குதில்ல? அதான் பயம். எம்பொண்ணு வாங்கிக் குடுத்த போனு, அவகிட்டச் சொல்லிடும்.”

“அப்டி இன்னா ரகசியம்?”

அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மார்ல இருக்குறது கேன்சர் கட்டிதானாம். ஒடனே ஆபரேசன் பண்ணணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. அவ கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்சாச்சு. தெரிஞ்சா எம்பொண்ணு கல்யாணத்த நிறுத்திடுவா.”

“எத்தினி நாளாத் தெரியும்?”

“ஆடியிலேர்ந்து. மூணு மாசமாவுது.”

தங்கை டப்பாவை வாங்கித் திறந்து, கைபேசியை எடுத்து அக்காவின் மடியில் வைத்தார்.

“போன் சொல்லாதுக்கா,” என்றார். “நான் சொல்லுவேன்.”