ஏழாவது வரி

என் கையெழுத்து அழகாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை, இந்த விவகாரத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன். உங்கள் குமாஸ்தா கொடுத்த பேனா மை கக்குகிறது. ஆகவே என் பேனாவிலேயே எழுதுகிறேன்.

விசாரணைக் குழுவின் அறிக்கையைத் திங்கட்கிழமை துறை அலுவலகப் பலகையில் ஒட்டினீர்கள். இரண்டாம் பக்கத்தில் என்னைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. விடுதி அறைத் தோழர் எழுதிக் கொடுத்த குறிப்பில் கவனக்குறைவால் நேர்ந்த பிழையே ஆய்வக விபத்துக்குக் காரணம் என்றும், அவர் துறையின் முதல் மாணவர் என்பதால் எச்சரிக்கையோடு விடப்படுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்தி தவறு. அதைத் திருத்தத்தான் வந்தேன். திங்கட்கிழமையே வந்திருப்பேன், வேலை இருந்தது. இன்று வியாழன்.

எங்கள் வகுப்பில் நூற்று எண்பது பேர். வகுப்பு என்று சொல்வது மரியாதைக்கு. அது ஒரு சந்தை. முதல் மூன்று வரிசைக்குப் பேராசிரியரின் குரல் கேட்கும். ஏழாவது வரிசைக்கு அவர் வாய் அசைவது தெரியும். அதற்குப் பின்னால் இருப்பவர்களுக்கு அவர் வந்தாரா இல்லையா என்பதே அடுத்தவர் சொல்லித்தான் தெரியும். மைக் நான் சேர்ந்த வருடமே ஊமையாகிவிட்டது. ஆய்வகக் கையேடு அதற்கும் முன்னால் செத்துவிட்டது. அடுத்த வாரச் சோதனையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை அவர் பழுத்த காகிதங்களைப் பார்த்து வாசிப்பார். அதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு என் குறிப்புகள் வாசலுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடும். கடை அண்ணன் அவற்றைக் கல்லாவுக்கு அடியில் பத்திரமாக வைத்திருப்பார். சனிக்கிழமை காலையில் கடை வாசலில் வரிசை நிற்கும். எனக்கு அங்கே 'மூலம்' என்று பெயர். மூலப்பிரதி என்ற பொருளில் வைத்ததாகச் சொன்னார்கள். இன்னொரு பொருளும் அவர்கள் மனதில் இருந்தது என்பது எனக்குத் தெரியும். நான் உட்காரும்போதெல்லாம் பின்வரிசையில் சிரிப்பு கேட்கும். என் எழுத்தைத் தின்று பிழைத்தவர்களின் நகைச்சுவை அந்த உயரத்தில்தான் இருந்தது.

இவர்கள் படிக்கிறார்களா என்று அறிய எனக்கு ஆசை. இரண்டாம் ஆண்டில் ஒரு வரி சேர்த்தேன். 'மேற்படி வினை மதிய உணவுக்குப் பிறகே முழுமையடையும்.' அவ்வளவுதான். தேர்வில் நாற்பத்தொரு பேர் அதை எழுதியிருந்தார்கள். விடைத்தாள்களைத் திருப்பித் தந்தபோது ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து எண்ணினேன். ஈயடிச்சான் காப்பி என்று சொல்வார்களே, அதில்கூட ஈயை அடிக்கும் உழைப்பாவது இருக்கிறது. இதில் எனக்கு அதைவிடப் பிடித்தது, திருத்தியவர் அந்த வரிக்கும் சேர்த்து டிக் போட்டிருந்தார். அவர் உங்கள் குழுவில் இருக்கிறார். நான் பெயர் சொல்லவில்லை.

இப்போது பங்காளியைப் பற்றி. அறைத் தோழனை எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள், ஏனென்றால் அவன் எல்லோரையும் அப்படித்தான் அழைப்பான். விடுதிக் காவலாளி பங்காளி, சமையல்காரர் பங்காளி, வாளியைத் திருடிக்கொண்டு போனவனும் பங்காளி. மூன்று கட்டில் போட்ட அறையில் நாங்கள் நான்கு பேர். தரையில் படுப்பது முறைவைத்து மாறும் என்று ஏற்பாடு. அவன் இரண்டு வருடமாகத் தரையிலேயே படுத்தான், முறை யாருடையது என்று கேட்டதே இல்லை. சோப்பு, சட்டை, குடை எதுவும் தனக்கென்று வைத்துக்கொள்ளத் தெரியாதவன். அதோடு நின்றிருந்தால் எனக்கொன்றும் இல்லை. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பதுபோல என் குறிப்புகளையும் கேட்பவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பான்.

ஜெராக்ஸ் அவனுக்குப் பிடிக்காது. ஒவ்வொரு ஞாயிறும் என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து என் குறிப்பைக் கையால் எழுதிக்கொள்வான். எழுதினால்தான் மண்டையில் ஏறும் என்பான். கை ஓடும், மண்டை தூங்கும் என்பது என் கணிப்பு. நடுநடுவே இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி என்று கேள்வி வேறு. சும்மா இருக்கும் வாய்க்கு ஒரு வேலை. எழுது, கேட்காதே என்பேன். சரி பங்காளி என்று மறுபடி குனிந்துகொள்வான்.

அவனுக்கு அப்பா அம்மா இல்லை. அக்காதான் வளர்த்தாள், தையல்காரி. ஒருமுறை விடுதிக்கு வந்தவள், தம்பிக்கு இவ்வளவு செய்கிற பிள்ளை என்று என் தோளையும் கையையும் அளந்துகொண்டு போனாள். அடுத்த மாதம் ஒரு சட்டை வந்தது. தையல் நேர்த்தியாகத்தான் இருந்தது. நான் போட்டுக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஆண்டு வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். கோடை விடுமுறையில் தன் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு மாணவரைச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்திருந்தார். ஒரே ஓர் இடம். அது யாருக்கு என்பதில் துறையில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அவர் கேட்ட பதினாறு கேள்விக்கும் நான் பதில் சொன்னேன். அடுத்து உள்ளே போன பங்காளி நான்கைந்து கேள்விக்குத் தெரியாது என்றானாம். கடைசிக் கேள்விக்கு மட்டும், "தெரியல மேடம், ஆனா இப்படி இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது" என்று எதையோ சொல்லியிருக்கிறான். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அவனோடு அரை மணி நேரம் பேசினார். கதவு திறந்துதான் இருந்தது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். இடம் அவனுக்குப் போயிற்று.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். பொறாமைப்பட எதிரில் சமமான ஆள் வேண்டும். என் எழுத்தைப் பார்த்து எழுதியவனை ஓர் அறிவாளி என்று நம்பி ஒரு நல்ல ஆராய்ச்சிக் கூடம் ஏமாறப்போகிறதே என்பதுதான் என் கவலை. அவன் படிக்காமல் எழுதுகிறவன் என்பதைக் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? எங்கள் துறையே சோதனை செய்து நிரூபிக்கும் துறை.

அந்த வாரச் சோதனை சுலபமானது. ஆறாவது வரிவரை கலவையைச் சூடாக்க வேண்டும். ஏழாவது வரி: 'ஐஸில் வைத்து நன்றாக ஆறிய பிறகு, மூன்றாவது திரவத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கவும்.' ஜெராக்ஸ் கடைக்குப் போன குறிப்பில் இது இப்படியே இருந்தது. நீங்களும் பார்த்தீர்கள். ஆகவேதான், கடைக்குச் சரியாகக் கொடுத்தவன் அறைத் தோழனுக்கு எழுதும்போது அசதியில் தவறிவிட்டான் என்று முடிவு கட்டினீர்கள்.

எனக்கு அசதி இல்லை. சனிக்கிழமை நண்பகல், அறையில் நான் மட்டும் இருந்தேன். கடையிலிருந்து திரும்பி வந்த முதல் தாளை முழுதாகப் பார்த்து, இரண்டாவது தாளை எழுதினேன். அதே மை, அதே இடைவெளி, அடித்தல் திருத்தல் இல்லை. ஏழாவது வரியை மட்டும் இப்படி மாற்றினேன்: 'சூடு குறையுமுன் மூன்றாவது திரவத்தை ஒரேயடியாகச் சேர்க்கவும்.' மறுநாள் அவன் அதைத் தன் ரெக்கார்டில் எழுதிக்கொண்டான். அந்த ஞாயிறு மட்டும் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஏழாவது வரியில் கொஞ்சம் நின்றான், பிறகு எழுதினான். என் தாளை மடித்து ஆய்வகக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டான். அதைத்தான் நீங்கள் கண்டெடுத்தீர்கள்.

ஊற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். நான் துறையின் முதல் மாணவன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகத்தில் அறுபது பேருக்கு இருபது பாதுகாப்புக் கண்ணாடிகள் இருந்தன. பங்காளி முன்னதாக வந்து வரிசையில் நின்று ஒன்று வாங்கியிருந்தான். பக்கத்து மேசைப் பெண்ணுக்குப் புகையில் கண் கலங்கியது என்று அதைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். நான் மூன்று மேசை தள்ளி நின்றேன். அவன் கொடுத்ததைப் பார்த்தேன். கொடுக்காமல் இருக்க மாட்டான் என்பதும் நான் அறியாததல்ல. அப்போது நான் அளவுக் குழாயிலிருந்து சொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் என் அளவீடு கெட்டுவிடும்.

அவன் ஏழாவது வரிக்கு வரப் பதினொரு நிமிடம் ஆயிற்று. சுவர்க் கடிகாரம் என் எதிரில்தான் இருந்தது. அவன் ஐஸ் தட்டைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தி என் பக்கம் பார்த்தான். விட்ட வரியைத் தேடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். நான் குனிந்து என் அளவை எழுதினேன். அதற்குள் ஊற்றிவிட்டான்.

ஆய்வக அண்ணன்தான் முதலில் ஓடிவந்தார். அவனைக் குழாயடிக்கு இழுத்துச் சென்று முகத்தில் தண்ணீர் விட்டார். நான் தோளைப் பிடித்துக்கொண்டு பதினைந்து நிமிடம் ஆகும்வரை தண்ணீரை நிறுத்த விடவில்லை. என் சமயோசித புத்தியைப் பாராட்டி அறிக்கையில் ஒரு வாக்கியம் போட்டிருக்கிறீர்கள். அது சரியானது, இருக்கட்டும்.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரியலாம், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். அக்கா தையல் மெஷினைப் பூட்டிவிட்டு வந்து மருத்துவமனை வராந்தாவில் தங்கினாள். முதல் வாரத்திலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "பரீட்சை எழுதணும்னு சொல்றான். யாராச்சும் படிச்சுக் காட்டினா போதுமாம். உங்க குரல்னா அவனுக்குப் புரியும் தம்பி."

மறுப்பதற்குக் காரணம் இல்லை. தினமும் மாலை ஐந்து மணிக்குப் போகிறேன். அவன் கட்டுப் போட்ட முகத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். நான் என் குறிப்புகளைப் படிப்பேன். அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். வலி மருந்தை ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திவிட்டார்கள், தலை தெளிவாக இருக்கிறது என்று சொன்னான்.

நேற்று படிக்கும்போது ஒரு வரியை மாற்றிப் படித்தேன். கெட்ட எண்ணம் இல்லை. இவ்வளவு பட்ட பிறகாவது கவனிக்கிறானா என்று பார்க்க ஓர் ஆசை. அவன் கையைத் தூக்கி என்னை நிறுத்தினான்.

"பங்காளி, அந்த வரி அப்படியா?"

"அப்படித்தான்" என்றேன்.

"அப்ப சரி."

பிறகு அவனாகவே சொன்னான்: "அன்னிக்கும் இப்படித்தான். ஞாயித்துக்கிழமை எழுதும்போதே, ஐஸ் வரலையேன்னு பாத்தேன். சூட்டுல ஊத்தினா சீறுமேன்னு தோணுச்சு. அங்க நின்னும் யோசிச்சேன். உன்னை நிமிர்ந்து பாத்தேன், நீ எழுதிட்டிருந்த. நீ எழுதினது தப்பா இருக்காது, நான்தான் எதையோ தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன்னு ஊத்திட்டேன்."

அவன் கையை நீட்டித் துழாவி என் முழங்காலைத் தொட்டான்.

"உன்னைக் கவனக்குறைவுன்னு எழுதி ஒட்டியிருக்காங்களாமே, அக்கா சொன்னா. மனசுல வச்சுக்காத. யாருக்கும் கை தவறும்."

எனக்குக் கை தவறியதில்லை. மூன்று வருடத்தில் ஒரு முறைகூட இல்லை. அந்த அறையில் உட்கார்ந்து ஒருவன், அதுவும் அவன், என்னை மன்னிக்கும்படி ஆகிவிட்டது. இந்த நிலை உங்கள் அறிக்கையால் வந்தது.

ஆகவே இரண்டாம் பக்கத்தில் 'கவனக்குறைவால்' என்ற சொல்லை நீக்கிவிட்டு, 'வேண்டுமென்றே, முன்கூட்டியே திட்டமிட்டு' என்று சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதினேன், நானே கொடுத்தேன், ஊற்றும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இதற்கு என்ன தண்டனை உண்டோ அதைக் கொடுங்கள். அவன் தாளைப் படித்துப் பார்க்காமல் ஊற்றினான் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். அது இல்லாவிட்டால் நான் செய்ததற்குப் பொருள் இருக்காது. நேற்று அவன் சொன்னதை மட்டும் சேர்க்க வேண்டாம். மருந்து மயக்கத்தில் இருப்பவர்கள் என்னென்னவோ சொல்வார்கள்.