சின்னவ நின்ன பக்கம்

படத்துல சின்னவ இல்ல. அதான் நடந்த தப்பு. சுத்தி வளைக்காம சொல்லிடுறேன், உக்காரு. நாற்காலிய அங்க இழுக்காத. டிவிக்கு வலது பக்கம் அந்த எடம் காலியாவே இருக்கட்டும். ஏன்னு அப்புறம் சொல்றேன். மெதுவா பேசு, என் வீட்டுக்காரி உள்ள படுத்திருக்கா.

லேப்டாப் பொட்டிய மடியிலேயே வை. கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணி சின்னவளக் கொண்டுவந்துட்டேன்னு ஃபோன்ல சொன்ன. ஃபோட்டோவ வச்சு ஆட வச்சிருக்கியா. சரி. முதல்ல நான் சொல்றதக் கேளு.

என் ரெண்டு பொண்ணுங்களும் ஆடின அன்னைக்கு மேடை ஓரமா உக்காந்து, எந்தக் கேமராவக் காட்டுறதுன்னு பட்டனத் தட்டிக்கிட்டு இருந்தது நீதானே? சண்டைக்கு வரல. உன் வேல அது. ஆனா தம்பி, அது என்ன ஆட்டம்னு ஒருத்தர்கிட்டயாவது கேட்டியா?

கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. அது ரெண்டு பேர் ஆடுறது. அக்கா கேக்கணும், தங்கச்சி பதில் சொல்லணும். வாயால இல்ல, காலால, கையால. பெரியவ இந்தப் பக்கம் நின்னு ஒண்ணு போடுவா. சின்னவ அந்தப் பக்கம் நின்னு அதையே கொஞ்சம் கிண்டலா திருப்பிப் போடுவா. வீட்ல சண்ட போடுறதும் அப்படித்தான் ரெண்டும்.

பெரியவளுக்குக் கண்ணு பெரிசு. நீ அதுலயே போய் நின்னுட்ட. அவ கேக்குறா, க்ளோசப்பு. தங்கச்சி பதில் சொல்ற நேரம், கேட்டவ மூஞ்சி எப்படி இருக்குன்னு மறுபடி க்ளோசப்பு. அதுவும் அலுத்துட்டா கூட்டத்தக் காட்டுற. முதல் வரிசைல ஒரு ஆளு செல்போன நோண்டிக்கிட்டு இருக்காரு, அவரு மூக்குல இருக்குற மரு வரைக்கும் தெளிவா வந்திருக்கு. என் பொண்ணு வரல. ஒரு தடவ அவ வெரல் ஓரமா வந்துட்டுப் போகுது. எடம் மாறுறப்ப முதுகு தெரியுது. அவ்வளவுதான்.

நேர்ல பாத்தா நம்ம கண்ணு நம்ம இஷ்டம். நான் சின்னவளையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். படம்னு ஆயிட்டா உன் இஷ்டம்தான் எல்லாருக்கும்.

மத்த கேமராவுல இருந்திருக்கும். தெரியும். நான் வந்து கேக்குறதுக்குள்ள கார்ட அழிச்சு ஏதோ கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டீங்க. எல்லாரும் செய்றதுதான். விடு.

எனக்குப் பரவால்ல, நான் பாத்துட்டேன். என் வீட்டுக்காரி பாக்கல. திரைக்குப் பின்னாடி நின்னா, கைல ஊசி நூலும் தண்ணி பாட்டிலுமா. முன்னாடி வந்து உக்காருன்னேன். அதான் இத்தன கேமரா நிக்குதே, வீட்ல நிம்மதியா பாத்துக்குறேன்னா.

அடுத்த மாசம் சின்னவளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனா. திரும்பி வரல. எல்லாம் முடிஞ்சு ஆளுங்க கலைஞ்சு போன பின்னாடி உன் படம் வந்துச்சு. கவர் மேல பளபளன்னு பெரியவ மூஞ்சி.

என் வீட்டுக்காரி கடைசி வரைக்கும் பாத்தா. சின்னது எங்கன்னு கேட்டா. அப்புறம் பெரியவ பக்கம் திரும்பி, எல்லாத்துலயும் நீயே நிக்கிறியேடின்னா. கேமராவ அவளா திருப்பினா? பெரியவ எழுந்து அவ வீட்டுக்குப் போனவதான். ஆட்டத்தயும் விட்டா. ஃபோன் பண்ணா என்கிட்ட மட்டும், அம்மாவுக்கு மாத்திர வாங்கினியாப்பான்னு கேப்பா. வச்சிடுவா.

ஆனா சத்தம் இருக்கு தம்பி. அத நீ வெட்டல. சின்னவ காலத் தட்டுறது முழுசாக் கேக்குது. இவ தெனம் சாயங்காலம் படத்தப் போட்டுட்டு கண்ண மூடிக்குவா. திறந்தா பெரியவ மூஞ்சி தெரியும்ல. நான் வெளிய போயிடுவேன். என்னால அங்க உக்கார முடியாது. திரைல அந்தப் பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா, பதில் சொல்ல ஆளக் காணோம்.

அதனாலதான் உன்னத் தொல்ல பண்ணேன். நீயும் ராத்தூக்கம் இல்லாம ஏதோ பண்ணியிருக்க, கண்ணப் பாத்தாலே தெரியுது. ஆனா திறக்காத. மூஞ்சி அவளுதா இருக்கும். கால் யாரோடது?

போன வாரம் மாத்திர வாங்கிட்டு வரேன். வாசல்லயே அந்தக் கால் சத்தம். அப்படியே திரும்பிடலாம்னு பாத்தேன். உள்ள இவ குரல் கேட்டுச்சு. சின்னவ கழுத்த இவ்வளவு திருப்ப மாட்டாங்குறா. அதுக்கு ஒரு குரல், மூச்சு வாங்கிக்கிட்டு, தெரியும்மாங்குது.

எட்டிப் பாத்தேன். இவ கண்ணு திறந்திருக்கு. டிவியப் பாக்கல, டிவிக்கு வலது பக்கம் பாக்குறா. நாற்காலி ஓரமா கெடக்கு. திரைல கேள்வி, பக்கத்துல தரைல பதில். வெறுங்கால், ஒருத்தி சத்தமே வராம வைக்கிறா. சத்தம் சின்னவளோடதாவே இருக்கட்டும்னு. திரை ஓரத்துல வெரல் வந்துச்சு பாரு, அதே நேரம் இங்கயும் கை நீண்டுச்சு.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைக்காத. முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்காமதான் உக்காந்திருந்தாங்க. போனவ போனவதான், யாரு ஆடி என்ன. நாளைக்கும் வான்னா இவ. அவ்வளவுதான் பேச்சு. ஆனா நீ விட்டது இப்ப இருக்கு.

சாயங்காலம் ஆச்சு. பொட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பு, அவ வர நேரம். எவளா? அந்தப் பதிலெல்லாம் வேற யாருக்குத் தெரியும்? பெரியவ.