ஜெமீலின் ஆக்கள்

தவளைகளோடு எனக்கு எந்தப் பகையும் கிடையாது. ஆசிரியர் அறையில், என் கதிரைக்குப் பின்னால், ஜெமீல் ஒரு கண்ணாடித் தொட்டியில் ஆறு தவளைகளை வைத்தபோதும் நான் முகம் சுளிக்கவில்லை. அவர் விலங்கியல் படிப்பித்தார், நான் இரசாயனம். தோப்பூர்க்காரர், நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம்.

தவளையை அவர் தவளை என்று சொன்னதே இல்லை. ஆட்களைச் சொல்வதுபோல ஆக்கள் என்பார். "எங்கட ஆக்களுக்கு ரெண்டு மூக்கு, சேர். தண்ணிக்கு மீன்ட மூக்கு, தரைக்கு எங்கட மூக்கு. ரெண்டுக்கும் பரம்பரை அலகு, அதான் ஜீன், வச்சிருக்குதுகள்." மணத்தைப் பிடித்தே அவை சொந்தக் குளத்துக்குத் திரும்புகின்றன என்று நிரூபிக்க, வார இறுதிகளில் கட்டைபறிச்சானில் பிடித்து, இடுப்பில் நூல் கட்டி, தூர வயலில் விட்டு, கொப்பியில் எழுதி வந்தார்.

ஒருநாள் என் சோற்றுப் பொதியில் மீன் பழுதாகியிருந்தது. தெரியாமல் பாதி சாப்பிட்டுவிட்டேன்.

"குணம் சேர்ட மூக்கில அலகெல்லாம் செத்துப் போச்சு. எங்கட ஆக்களுக்கும் கீழ நிக்கிறார்," என்றார் ஜெமீல்.

எல்லோரும் சிரித்தார்கள். புஸ்பராணி ரீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்கு வலித்தது. அதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

தொண்ணூற்றாறு மாசியில் ஒரு திங்கட்கிழமை. நான் கட்டைபறிச்சானில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு, ஜெமீலோடு மூதூர் லாஞ்சிப் படகில் வந்து இறங்கினேன். சண்டைக் காலம், படையினரின் சோதனைச் சாவடியில் அவருடைய கொப்பியை எடுத்தார்கள். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, ஜெமீலுக்குச் சிங்களம் தெரியாது, எனக்கு இரண்டும் தெரியும். மொழிபெயர்க்கச் சொன்னார்.

பன்னிரண்டு ஆக்களைப் பிடித்தேன். நாலு ஆக்களுக்கு மூக்கை அடைத்தேன். எட்டு ஆக்கள் திரும்பி வந்தார்கள். நாலு ஆக்களைக் காணவில்லை.

ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இதெல்லாம் இவர் செய்ததா என்று அதிகாரி கேட்டார்.

"இது உங்கட வேலையோ எண்டு கேக்கிறார்," என்றேன் ஜெமீலிடம்.

"ஓம், முழுக்க என்ட வேலைதான்," என்று பெருமையோடு தலையாட்டினார்.

தவளைக்குச் சிங்களத்தில் கெம்பா. அந்தச் சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. தெரிந்தே விழுங்கினேன், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எழுதியவர் எழுதாத சொல்லை மொழிபெயர்ப்பவன் சேர்க்கலாமா? ஜெமீலைக் கொண்டுபோனார்கள். பிறகு அவரைக் கண்டவர் யாருமில்லை.

அவருடைய மனைவி பரீனா பாடசாலைக்கு வந்தார். "அவர் என்ன பிழை செஞ்சாரு சேர்?" என்று கேட்டார். கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது அவருடைய தவளைகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நண்பனுக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? நாள் தவறாமல் பூச்சி போடுகிறேன். இரண்டு கிழமையாக அவை அசைவதில்லை. வெயில் காலம், சோம்பலாக இருக்கும். புஸ்பராணி ரீச்சர்தான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு அறைக்கு மாறிவிட்டார். நான் தொட்டிக்குள் தலையை விட்டு நன்றாக மணந்து பார்த்தேன். ஒன்றுமே மணக்கவில்லை.